முப்பத்தோராவது கம்பம்

வியாழன்தோறும் நகரத்தின் வாசலைப் பார்த்துவருவது என் வேலை.
கதவு கிடையாது, பூட்டு கிடையாது.
இரண்டு கம்பம், மேலே ஒரு கம்பி.
சட்டத்துக்கு அது போதும்:
இரண்டு நிலைக்கால், ஓர் உத்திரம்.
அப்படி வாசலுக்கு அடுத்து வாசலாக நிறுத்திக்கொண்டே போனால்
ஆன்ட்வெர்ப்பில் நாங்கள் இருக்கும் பக்கம் முழுக்க
ஒரே வீடு.
ஏரூவ் என்று பேர். கலப்பு என்று பொருள்.
ஜெபாலய அலமாரியில் ஒரு பெட்டி மாட்ஸா ரொட்டி
யாரும் தின்னாமல், எல்லாருக்கும் பொதுவாய் இருக்கிறது.
ஒரே ரொட்டியில் பங்குள்ளவர்கள்
ஒரே வீட்டார் என்பது கணக்கு.

கம்பி அறுந்தால்
வீடு அகம், வீதி புறம்.
ஓய்வுநாளில் அகத்திலிருந்து புறத்துக்கு
ஒரு கைக்குட்டைகூடத் தாண்டக் கூடாது.
இரண்டிலும் சேராத இடத்துக்கு கர்மெலித் என்று பேர்:
கடலோரம், வயல்வெளி,
எங்கள் தெருக்களும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான்.
அங்கே தடை வேதம் சொன்னதல்ல, முன்னோர் போட்ட வேலி.
வேலிதான். முள் குத்தாமலா இருக்கும்?

இந்த வியாழன் எல்லாம் சரியாக இருந்தது.
வெள்ளி மதியம் காற்று கூரை ஓட்டைப் பிடுங்கியது.
மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்தேன்.
ரயில் பாலம் தாண்டி, டயர் கடைக்குப் பின்னால்,
முப்பத்தோராவது கம்பத்தில்
அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது கம்பி,
துணி உலர்த்தாத கொடிக்கயிறு மாதிரி.

மணி நான்கு ஐந்து.
ஏணி வண்டிக்கார யோரிஸ் போனை எடுக்கவில்லை.
நான்கு முப்பத்தேழுக்குச் சூரியன் விழும்.

ரபி கெட்ஸலை அழைத்தேன்.
"யாரிடமாவது சொன்னாயா?"
"இல்லை."
அவர் பின்னால் பிள்ளைகள் குளிக்கும் கூச்சல்.
"சொல்லாதே. இந்த நேரத்தில்
பாதிப் பேர் காதுக்குப் போய்ச் சேராது,
மீதியில் சிலர் கேட்டும் தள்ளுவார்கள்.
அறியாமல் செய்தவன் ஷோகேக்,
அறிந்தே செய்தவன் மேஸித்.
தவறுகிறவர்கள் அறியாமலே தவறட்டும்."
தண்ணீர்ச் சத்தம் நின்றது.
"உனக்குத்தான் தெரிந்து தொலைத்துவிட்டது, ஸான்வெல்.
இப்போது எனக்கும்."

சூரியனுக்கும் மூன்று நட்சத்திரத்துக்கும் நடுவில்
பகலா இரவா என்று அறிஞர்களே முடிக்காத ஒரு பொழுது உண்டு.
வேதத்தில் சந்தேகம் வந்தால் இறுக்கு,
வேலியில் சந்தேகம் வந்தால் தளர்த்து என்பார்கள்.
எனக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம்.
அந்தக் கம்பியை என் கையால் தொட்டிருக்கிறேன்.

சட்டைப்பையைக் கவிழ்த்தேன்:
டிராம் சீட்டு, பெப்பர்மின்ட், ஒரு ஸ்க்ரூ.
சாவியை இடுப்புவாரில் கொக்கியாகக் கோத்தேன்.
சுமந்தால் குற்றம், உடுத்தினால் உடை.
கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

தெருவில் ரெஹ்லா ஃபோர்ஹாண்ட் இரட்டைப் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் தள்ளிவந்தாள்.
வைரம் பட்டைதீட்டும் பெரெட்ஸ்
ஜெபப் புத்தகத்தை அக்குளில் இடுக்கியிருந்தார்.
ஒரு பையன் சட்டைப்பையில் கொட்டைகள் கலகலத்தன.
நெஞ்சுவலிக்காரர் மொட்டலின் கையில் மாத்திரைக் குப்பி.
அந்தக் குப்பியை மட்டும் நிம்மதியாகப் பார்த்தேன்.
உயிர் என்று வந்துவிட்டால்
கம்பியும் வேலியும் நாளும் ஒதுங்கி வழிவிடும்.
எல்லாரும் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகிறவர்கள்போல்
வீட்டுக்குள் நடந்தார்கள்.
நான் மட்டும் தெருவில் நடந்தேன்.

வீட்டில் ஃப்ராடெல்
தங்கைக்காகக் கூகெல் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.
என் கழுத்தைப் பார்த்தாள்.
சுற்றிய துணியை அவிழ்த்தாள்.
தட்டைச் சூடுபலகையில் திரும்ப வைத்தாள்.
"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள்.

நான் சொல்லவில்லை.
கழுத்தில் கட்டிய துணி சொன்னால் அது சொன்னதாகுமா?
தீர்ப்பு எட்டாத கேள்விகளை
தேய்கூ, நிற்கட்டும், என்று பழைய ஏடுகளில் விட்டுவைத்திருக்கிறார்கள்.
நிற்கட்டும்.

சனி இரவு ஏணிமேல் நின்று யோரிஸ் கேட்டான்,
"ஒரு நாள்தானே, என்ன ஆகிவிட்டது?"
கம்பியின் மறுமுனையை எட்டிக் கொடுத்தேன்.
கழுத்துத் துணியை அவிழ்க்க
இன்னும் நினைவு வரவில்லை.